மருமகன் பங்கு

கஸாக் நாட்டு உஸ்த்யுர்த் மேட்டில் பாதை என்று ஒன்று கிடையாது, தடங்கள்தான் உண்டு. ஒரு தடம் குண்டும் குழியுமாகிவிட்டால் அடுத்து வருகிறவன் பக்கத்திலேயே புதிதாக ஒன்று போட்டுக்கொண்டு போவான். அவனுக்குப் பின்னால் வருகிறவன் அதற்கும் பக்கத்தில் போடுவான். இப்படி இருபது முப்பது தடங்கள் ஒரே திசையில் சாதுவாகப் போய்க்கொண்டே இருக்கும். அதில் ஏதாவது ஒன்று சத்தம் போடாமல் விலகி, நம்பி வந்தவனை உப்புச் சேற்றில் கொண்டுபோய் இறக்கிவிடும். கோஜாபெக் அந்த ஒன்றைத்தான் தேடிப் பிடித்திருந்தான்.

"இடது பக்கம் போடான்னு படிச்சுப் படிச்சு சொன்னேன்," என்றாள் மைரா. முழங்கால் வரை சேற்றில் நின்று சக்கரத்துக்கு அடியில் பலகையைச் செருகிக்கொண்டிருந்தாள்.

"நீ துறைமுகத்துல கிரேன் ஓட்டுறவ. உனக்கு மேல, கீழ ரெண்டுதான் தெரியும். இடது வலதெல்லாம் எங்களுக்கு விட்டுடு."

"இப்ப கீழதான் போயிட்டு இருக்கோம். அதனாலதான் தெரியுது."

ஜோலாமன் இருவரையும் சட்டை செய்யவில்லை. கூடாரத்துக்குக் கொண்டுவந்திருந்த கம்பளியை மடித்துப் பின்சக்கரத்துக்குப் போட்டான். கோஜாபெக் வண்டியைக் கிளப்ப, மற்ற இருவரும் மூச்சைப் பிடித்துத் தள்ள, அந்தப் பழைய வேன் முக்கி முனகி ஒருவழியாகக் கெட்டித் தரைக்கு ஏறியது. பார்க்க ரொட்டித் துண்டு போலவே இருப்பதால் ஊரில் எல்லோரும் அந்த ரக வேனை ரொட்டி என்றுதான் சொல்வார்கள். கோஜாபெக்கின் ரொட்டிக்கு வயது அவனைவிட அதிகம்.

மூவரும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். ஒரே வயதுக்காரர்கள் ஒருவரை ஒருவர் என்ன சொன்னாலும் கோபித்துக்கொள்ளக் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அந்த வழக்கத்தை இந்த மூவரும் சின்ன வயதிலிருந்து மிச்சம் வைக்காமல் அனுபவித்து வந்தார்கள். ஆனால் இந்தப் பயணம் கேலிக்காகக் கிளம்பியதல்ல. ஜோலாமன் திருடப் போய்க்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் அவனுக்குக் கல்யாணம். சம்பந்தம் பேச வந்த பெண் வீட்டார் நல்ல மனிதர்கள். டீ குடித்துக்கொண்டே வழக்கமாகக் கேட்பதைத்தான் கேட்டார்கள், மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் வீடு எது என்று. அவன் அம்மா கான்ஷாயிம் கிண்ணத்தில் டீயை ஊற்றியபடியே, "எனக்குப் பொறந்த வீட்டுல யாரும் இல்லை," என்றாள். குரலில் ஒன்றும் தெரியவில்லை. டீ மட்டும் கிண்ணத்தைத் தாண்டி விரிப்பில் வழிந்தது. அவன் தங்கை கல்யாணத்திலும் இதேதான் நடந்தது. தாய்மாமன் உட்கார வேண்டிய இடத்தை யாரும் எடுக்காமல் காலியாக விட்டிருந்தார்கள். தாமதமாக வந்த ஒரு பஸ் டிரைவர் விஷயம் தெரியாமல் அதில் உட்கார்ந்துவிட்டார். கான்ஷாயிம் எழுந்து வெளியே போனவள் கேக் வெட்டும்போதுகூடத் திரும்பி வரவில்லை.

உண்மையில் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான், இப்போதும் இருக்கிறான். கார்ஜாவ். மேட்டின் அந்தக் கோடியில் ஒட்டகப் பட்டி வைத்திருப்பவன். அந்தக் காலத்தில் கான்ஷாயிமுக்கு வேறு இடத்தில் நிச்சயம் செய்து, இரு வீட்டாரும் ஆட்டு ஈரலும் வால்கொழுப்பும் சேர்ந்து சாப்பிட்டாகிவிட்டது. அதைச் சாப்பிட்டபின் பேச்சு மாறுவது என்பது கிடையாது. அவள் ஜானாஓசென் எண்ணெய்க் கிணறுகளில் வெல்டிங் வேலை பார்த்த ஒருவனோடு போய்விட்டாள். பெண்ணுக்காக வாங்கிய ஒட்டகங்களைத் தலை குனிந்து ஓட்டிக்கொண்டுபோய்த் திருப்பிக் கொடுத்தவன் கார்ஜாவ். அன்றிலிருந்து யார் கேட்டாலும் அவனுக்கு ஒரே பதில்தான்: எனக்குத் தங்கச்சி இல்லை. போன இலையுதிர் காலத்தில் சந்தையில் ஜோலாமன் தானாகவே எதிரே போய் நின்று, "மாமா, நான் உங்க மருமகன்," என்றான். கார்ஜாவ் கையிலிருந்த சாட்டையைக் கூட இறக்கவில்லை. "தங்கச்சியே இல்லாதவனுக்கு மருமகன் எங்கேர்ந்துடா வருவான்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அந்த அவமானத்தை ஜோலாமன் அம்மாவிடம் சொல்லவில்லை. குளிர்காலம் முழுக்க அதைப் பற்றியே யோசித்தான். யோசித்து யோசித்துக் கண்டுபிடித்ததுதான் இந்தத் திருட்டு.

"மறுபடி சொல்லு," என்றான் கோஜாபெக், ஸ்டியரிங்கில் சேற்றுக் கையைத் துடைத்தபடி. "ஜெயிலுக்குப் போறதுக்கு முன்னாடி எனக்கு நல்லா புரியணும்."

"தாய்மாமன் வீட்டுல மருமகன் மூணு தடவை எதை வேணா எடுத்துக்கலாம். கை வெச்சா அவனோடது. பட்டப்பகல்ல, வீட்டு ஆளுங்க கண்ணு முன்னாடி எடுக்கணும். யாரும் தடுக்கக் கூடாது. திருட்டுன்னு சொல்லக் கூடாது."

"அது தெரியும். எங்க மாமன் வீட்டுல நான் டி.வி. எடுத்தேன்."

"அவ்வளவுதான். நான் எடுக்கிறதை அவர் திருட்டுன்னு சொன்னா நான் வெளியாள். சொல்லலைன்னா நான் அவர் தங்கச்சி மகன். ரெண்டுல ஒண்ணை அவர் வாயால சொல்லியே ஆகணும்."

"திருட்டுன்னு சொன்னா?" என்றாள் மைரா.

"சொல்லட்டும். எங்கம்மாவுக்கும் ஒரு முடிவு தெரிஞ்சுரும்."

அப்படிச் சொன்னானே தவிர, அந்தச் சொல் விழுந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. கால்நடைத் திருடன் என்றால் எங்கள் பக்கத்தில் கொலைகாரனுக்கு இருக்கும் மரியாதைகூடக் கிடையாது. வேலை போகும், கல்யாணம் போகும், அம்மாவின் தலை இன்னும் குனியும்.

வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைச் சரிவைத் தாண்டி மதியத்துக்குள் பட்டியை அடைந்தார்கள். மண்வீடு ஒன்று, கொட்டகை ஒன்று, காற்றில் சுற்றும் இரும்புக் காற்றாடி ஒன்று. வீட்டுக்கு முன்னால் தரையில் நீளமாக இழுத்துக் கட்டிய கயிற்றில் ஒட்டகக் குட்டிகள் வரிசையாகக் கட்டிக் கிடந்தன. தாய்கள் மேயப் போயிருந்தன. ஒரு குட்டி மட்டும் பால் வெள்ளை.

கார்ஜாவின் மனைவி தோர்கின் கதவைத் திறந்துகொண்டு வந்தாள். யார், எந்த ஊர் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. வந்தவர்கள் வயிறு நிறைவதற்கு முன்னால் அதைக் கேட்பது அசிங்கம். புளித்த ஒட்டகப் பாலும் எண்ணெயில் பொரித்த பவுர்சாக் மாவுருண்டையும் கொண்டுவந்து வைத்தாள். ஜோலாமனின் முகத்தை மட்டும் கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள்.

"வீட்டுக்காரர் குதிரைங்களுக்குத் தண்ணி காட்டப் போயிருக்கார். இப்ப வந்துருவார்," என்றாள். "இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுமா தம்பி? நீ சாப்பிடுற விதமே எனக்குத் தெரிஞ்ச ஒருத்தி மாதிரி இருக்கு. அவளும் பவுர்சாக்கைப் பிச்சுப் பிச்சுத்தான் தின்பா."

ஜோலாமன் கிண்ணத்தைக் கீழே வைத்தான். எழுந்தான். வெளியே போய், அவள் பார்க்கும்படி நின்று, வெள்ளைக் குட்டியின் முதுகில் கை வைத்தான்.

"அத்தை," என்றான். "இதை எடுத்துக்கறேன்."

தோர்கின் வாசற்படியில் நின்றாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. அவள் உதட்டோரம் ஏதோ அசைந்தது. "கெட்டிலு கொதிக்குது போல," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

மூவரும் குட்டியைத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். மைரா அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். ரொட்டி கிளம்பியது. கோஜாபெக் சிரித்தான், விசிலடித்தான், பாட ஆரம்பித்தான். உலகமே தங்கள் கைக்குள் வந்துவிட்ட மாதிரிதான் மூவருக்கும் இருந்தது.

பட்டியில் வளர்ந்த நான்கு வயதுப் பிள்ளைகூட அந்தத் தவறைச் செய்யாது. நகரத்தில் வளர்ந்த கஸாக்குக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தவறு அது. ஒட்டகத்தைப் பாடல்களிலும் கல்யாணப் பேச்சிலும் அவனுக்கு நன்றாகத் தெரியும். குட்டியை எதற்காக வாசலில் கட்டிவைக்கிறார்கள் என்பதுதான் தெரியாது. குட்டி இருக்கும் இடத்துக்குத் தாய் வந்தே தீரும் என்பதற்காகத்தான் கட்டுகிறார்கள்.

"பின்னாடி தூசி," என்றாள் மைரா கொஞ்ச நேரம் கழித்து.

"வந்துட்டார் மாமா," என்று கோஜாபெக் வேகத்தைக் கூட்டினான். "வண்டியா, குதிரையா?"

மைரா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "ரெண்டும் இல்லை. ரெண்டு திமில் இருக்கு."

வெள்ளைத் தாய் ஒட்டகம் கழுத்தை நீட்டி, நான்கு கால்களையும் நான்கு பக்கம் வீசி, கத்திக்கொண்டு ஓடி வந்தது. அதன் குரல் கேட்டதும் வேனுக்குள் குட்டி மைராவை உதைத்துத் தள்ளிவிட்டுப் பதிலுக்குக் கத்தியது. கோஜாபெக் சிரித்த சிரிப்பில் வண்டி தடம் மாறியது. வெடித்துக் காய்ந்த களிமண் வெளியில் ரொட்டி பறந்தது. ஒட்டகம் விடவில்லை. தூரம் அதிகமானது, பிறகு குறைந்தது, மறுபடி அதிகமானது. சிரிப்பு மெல்ல நின்றுபோனது.

"வாயில நுரை தள்ளுது," என்றாள் மைரா. "டேய், அது நிக்காது. செத்து விழற வரைக்கும் ஓடும்."

"நாம நின்னா மாமா பிடிச்சுருவாரே," என்றான் கோஜாபெக். "நெடுஞ்சாலையைத் தொட்டுட்டா அப்புறம் அவர்தான் நம்ம வீடு தேடி வரணும். உன் திட்டமே அதுதானேடா மாப்ள."

திட்டம் அதுதான். தன் வீட்டு வாசலில், அம்மாவின் முன்னால் கார்ஜாவ் வந்து நிற்க வேண்டும், திருடன் என்பதையோ மருமகன் என்பதையோ அங்கே வந்து சொல்ல வேண்டும் என்றுதான் ஜோலாமன் கணக்குப் போட்டிருந்தான். பின்கண்ணாடியில் அந்த ஒட்டகம் தடுக்கி, முன்னங்கால் மடங்கி, எழுந்து, திரும்ப ஓடி வந்தது. அவனால் பார்க்க முடியவில்லை.

"மெதுவாப் போ."

"மாப்ள..."

"அது நடந்து வர்ற வேகத்துக்குப் போ. வேணும்னா நில்லு. திட்டம் போனாப் போகட்டும்."

ரொட்டி முதல் கியரில் ஊர்ந்தது. ஒட்டகம் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து சேர்ந்து, பின் ஜன்னலில் மூக்கை வைத்துக் குட்டியை முகர்ந்தது. அதற்கப்புறம் வண்டியோடு கூடவே நடந்தது. அது நின்ற இடத்தில் எல்லாம் இவர்களும் நின்றார்கள். வெயில் சாயும்போது மூன்று தடங்கள் சேரும் கிணற்றடிக்கு வந்தார்கள். அங்கே ஒரு போலீஸ் ஜீப் நின்றிருந்தது.

வெயிலில் காது உரிந்த ஒரு சார்ஜென்ட் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டு எழுந்து வந்தார். வசந்த காலத்தில் கால்நடை திருட்டு அதிகம். இந்தக் கிணற்றைத் தாண்டாமல் யாரும் போக முடியாது. வேனுக்குள் பார்த்தார், வெளியே நின்ற ஒட்டகத்தைப் பார்த்தார், அதன் தொடையில் இருந்த சூட்டுக் குறியைப் பார்த்தார்.

"கார்ஜாவ் அண்ணனோட குறி. கால்நடை மருத்துவர் சீட்டு எங்கே?"

"சீட்டு இல்லை. அவர் என் தாய்மாமன். என் பங்கை எடுத்துட்டுப் போறேன்."

சார்ஜென்ட் விதைத் தோலைத் துப்பினார். "தம்பி, நல்ல பொய்யாச் சொல்லு. அவருக்குத் தங்கச்சியே கிடையாது. இந்தக் கிணத்தடியில நின்னு அவர் சொல்லி என் காதால கேட்டிருக்கேன். சாவியைக் கொடு."

கோஜாபெக் சாவியைக் கொடுத்தான். சார்ஜென்ட் சொன்னது பொய்யில்லையே.

சற்று நேரத்தில் கார்ஜாவின் பழைய ஜீப் வந்து நின்றது. இறங்கியவன் யாரையும் பார்க்கவில்லை. நேராக வேனுக்குப் போய்க் கதவைத் திறந்து, குட்டியை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக் கீழே விட்டான். குட்டி தாயின் வயிற்றடியில் புகுந்தது. பால் இறங்கும் வரை அவன் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

"அண்ணே," என்றார் சார்ஜென்ட். "இவன் உங்க தங்கச்சி மகன்னு சொல்றான். உங்களுக்குத்தான் தங்கச்சி இல்லையே. கேஸ் எழுதிடட்டுமா? நீங்க திருட்டுன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

கார்ஜாவ் அவரைத் தாண்டி நடந்தான். ஜோலாமனிடம் வந்தான். சந்தையில் பார்த்த அதே கண்கள்.

"உன் வண்டி வேகமாப் போற வண்டிதானே?"

"ஆமா."

"தடத்தைப் பார்த்துட்டே வந்தேன். முதல்ல பறந்திருக்கே. அப்புறம் நடந்திருக்கே. பதினாலு இடத்துல நின்னிருக்கே. நான் வர்றேன்னு தெரியும்ல?"

"தெரியும்."

"பின்ன ஏன் நின்னே?"

"அதுக்கு மூச்சு வாங்குச்சு."

கார்ஜாவ் தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தான். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது.

"உங்கம்மாவும் இப்படித்தான்," என்றான். "ஒரு குட்டி பின்தங்குனா மொத்த மந்தையையும் நிறுத்திருவா. எத்தனை தடவை எங்கப்பாகிட்ட திட்டு வாங்கிக் கொடுத்திருக்கா எனக்கு."

சார்ஜென்டின் வாய் கொறிப்பதை நிறுத்தியது. "அப்ப... எழுத வேண்டாமாண்ணே?"

"என்னத்தை எழுதுவே?" கார்ஜாவ் அவர் பக்கம் திரும்பிச் சீறினான். "என் தங்கச்சி மகன் மாமன் வீட்டுல பங்கு எடுத்துட்டுப் போறான். நடுவுல உனக்கு என்னய்யா வேலை? முதல்ல பையன் சாவியைக் கொடு."

கோஜாபெக் வேனின் கூரையைத் தட்டித் தட்டி ஆடினான். மைரா அழுதுகொண்டே அவனை அடித்தாள். ஜோலாமனுக்கு ஆடவும் தோன்றவில்லை, அழவும் தோன்றவில்லை. மேடு முழுவதையும் தூக்கிக்கொண்டு ஓடலாம் போல உடம்பு லேசாகியிருந்தது.

"ரொம்பத்தான் ஆடாதீங்க," என்றான் கார்ஜாவ். "குட்டியைத் தாயில்லாம தூக்கிட்டு வந்த முட்டாளுங்க. என் பொண்டாட்டி அதைச் சொல்லாம விட்டுட்டு அங்கே உக்காந்து சிரிக்கிறா. சரி, குட்டி ஒண்ணு. பின்னாலயே வந்தது ரெண்டு. உனக்கு இன்னும் ஒரு பங்கு இருக்கு. எதுன்னு சொல்லு. பட்டியில கறுப்புக் குதிரை ஒண்ணு இருக்கு."

ஜோலாமன் யோசிக்கவில்லை. இரண்டு அடி எடுத்து வைத்து, மாமனின் தோளில் கை வைத்தான்.

"இது," என்றான்.

கார்ஜாவ் தோளில் இருந்த கையைப் பார்த்தான். தட்டிவிடுவான் என்றுதான் மைரா நினைத்தாளாம். அவன் சார்ஜென்டைப் பார்த்து, நியாயம் கேட்கிறவன் போல, "மறுக்க முடியாதுல்ல?" என்றான்.

"முடியாதுண்ணே," என்றார் சார்ஜென்ட், ரொம்பவும் கவலையாக. "கை வெச்சுட்டான்."

"அப்ப இதுங்க ரெண்டையும் நீ பார்த்துக்க. என் மருமகன் சொத்து. ஒரு முடி குறைஞ்சாலும் உன்னைச் சும்மா விட மாட்டேன்."

திரும்பும் வழியெல்லாம் கார்ஜாவ் முன் இருக்கையில் உட்கார்ந்து கோஜாபெக்குக்குத் தடம் சொன்னான். சொன்ன விதத்தில் கோஜாபெக்கின் அப்பா, தாத்தா எல்லோரும் வந்து போனார்கள். சேறு பக்கமே போகாமல் மறுநாள் காலை நகரத்துக்குள் நுழைந்தார்கள். வீடு நெருங்க நெருங்க அவன் பேச்சு குறைந்து, கடைசித் தெருவில் சுத்தமாக நின்றுவிட்டது.

கான்ஷாயிம் கல்யாணத்துக்காக வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தாள். பெரிய கம்பளத்தை வேலியில் போட்டுத் தடியால் அடித்துக்கொண்டிருந்தவள், வேன் சத்தம் கேட்டுத் திரும்பினாள். மகன் இறங்குவதைப் பார்த்தாள். அவனுக்குப் பின்னால் இறங்கியவனையும் பார்த்தாள். கம்பளத்தின் பக்கம் திரும்பி மறுபடி அடிக்க ஆரம்பித்தாள், முன்னைவிடப் பலமாக.

இருபத்தெட்டு வருஷம் அவள் கையில் இருந்தது. அடித்தாள், அடித்தாள், தெருவெல்லாம் தூசி. ஜோலாமன் அவளிடம் போக ஓர் அடி வைத்தான். மைரா அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

கார்ஜாவ் சுற்றுமுற்றும் பார்த்தான். வேலியோரம் கிடந்த இன்னொரு தடியை எடுத்தான். கம்பளத்தின் மறுபக்கம் போய் நின்று அவனும் அடிக்க ஆரம்பித்தான். இரண்டு பேருக்கும் நடுவில் கம்பளம். அவள் ஓர் அடி, அவன் ஓர் அடி. இருவர் முகத்திலும் தூசி சேறாகி வழிந்தது. யாரும் துடைத்துக்கொள்ளவில்லை.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "என்ன கான்ஷாயிம், கூலிக்கு ஆள் பிடிச்சியா? யாரு அது?"

கான்ஷாயிம் அடிப்பதை நிறுத்தினாள். தலைத்துணியை இழுத்துச் சரிசெய்துகொண்டாள்.

"எங்கண்ணன்," என்றாள், மூன்று தெருவுக்குக் கேட்கும்படி. "கல்யாண வேலைக்கு வந்திருக்கான்."